கண்மாய்க் கல்லுக்கு மஞ்சள் பூசின கதை

எங்க கண்மாய்க்குள்ள ஒரு சாமி இருந்துச்சு. அதைச் சாமி ஆக்குனது நான்தான். ஊருல கேட்டா தோப்புக்காரர்னு சொல்லுவாங்க. தகரக் கொட்டகை போட்டது, மணி வாங்கிக் கொடுத்தது, கல்வெட்டுல பேரு பொறிச்சுக்கிட்டது எல்லாம் அவருதான். ஆனா முதல் மஞ்சள் என் கையால பூசுனது. அந்தப் பாவம் அம்புட்டும் எனக்கே சேரணும்.

செண்பகத்தோப்பு மலையில மழை பெஞ்சா ஓடை வழியா எங்க கண்மாய்க்குத் தண்ணி வரும். கண்மாய் பெருகுனா கடைசி மடை வரைக்கும் நெல்லு விளையும். என் தங்கச்சி வயல் அந்தக் கடைசி மடையில இருக்கு. அவ வீட்டுக்காரர் ராஜபாளையத்துல மில் வேலைக்குப் போறவரு, ஷிப்டு முடிஞ்சு வந்தா தூங்கத்தான் நேரம். வயல் முழுக்க அவ பாடு. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன டீச்சர். எனக்கு வயலும் கிடையாது, வரப்பும் கிடையாது. வாய் மட்டும் உண்டு.

தோப்புக்காரருக்குக் கண்மாயை ஒட்டிப் பட்டா நிலம். ரொம்ப மரியாதையான மனுசர், என்னைப் பாத்தா வண்டியை நிறுத்திக் கும்பிட்டுட்டுத்தான் போவாரு. ஆட்சி மாறும், அவரு வேட்டிக் கரை மாறும், தென்னங்கன்னு மட்டும் மாறாம கண்மாய்க்குள்ள ஒவ்வொரு வரிசையா இறங்கிக்கிட்டே இருக்கும். கேட்டா, சர்வே கல்லுக்கு என் நிலத்துப் பக்கம்தானே இருக்குன்னு சொல்லுவாரு. போய்ப் பாத்தா அப்படித்தான் இருக்கும். கன்னு நட்ட மறுவாரமே கல்லும் எட்டு வச்சு நடந்து முன்னால வந்து நிக்கும். அம்புட்டு ஒத்துமை.

கன்னுக்குள்ள தண்ணி ஏறாம இருக்க மண்ணை அள்ளி ஒரு கரையும் போட்டாரு. கண்மாய் சுருங்கிப் போச்சு. கதிர் பால் பிடிக்கிற நேரம் பாத்து மடையில தண்ணி நின்னுரும். ரெண்டு வருஷம் தொடர்ந்து என் தங்கச்சி கருகுன பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டா. ரெண்டாவது வருஷம் ரேஷன் அரிசிப் பையோட நேரா என் வீட்டுக்கு வந்து, டீச்சர் வேலை பாத்து என்னத்தைக் கிழிச்சேன்னு கேட்டா. இந்த வருஷமும் போச்சுன்னா வயலைத் தரிசாப் போட்டுட்டு அவளும் மில்லுக்கே போயிருவாளாம். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

மனு எழுதுறதுல என்னை அடிச்சிக்க ஆள் கிடையாது. தாலுகா ஆபீஸ்ல உக்கார வச்சு டீ கொடுத்தாங்க, என் கையெழுத்தைப் பாராட்டுனாங்க, மனுவை வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் டீ நல்லாத்தான் இருந்துச்சு.

பொறவுதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. நம்ம ஊருல எந்தக் கல்லுல மஞ்சள் ஏறுதோ அது அசையாது. ரோடு போடுறவன்கூட வளைச்சுத்தான் போடுவான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போயி, சர்வே கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் நறுக்கி வச்சுட்டு வந்தேன். இனிமே எப்படி நடக்குதுன்னு பாப்போம்னு ஒரே பெருமை எனக்கு. ஒரு மாசத்துல ஊரே கும்பிட ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தருக்கு மாடு திரும்பக் கிடைச்சுது, இன்னொருத்தருக்கு முதுகுவலி போச்சுது.

மூணாம் மாசம் சர்வேயர் மிஷினோட வந்தாரு. கடைசியில என் மனுவுல ஒண்ணு எந்திரிச்சு நின்னிருக்கு. மிஷினை வச்சுப் பாத்துட்டு, கல்லு இங்க இருக்க வேண்டியதே இல்லை, ரொம்பப் பின்னால போகணும்னு சொன்னாரு. நான் மஞ்சள் பூசுறதுக்கு முந்தியே அது வேண்டிய தூரம் நடந்து முடிச்சிருந்துச்சு. கல்லோட பழைய இடத்துக்கு அடையாளமா நின்ன ஒத்தப்பனையைத் தோப்புக்காரர் வெட்டுனப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை.

சர்வேயர் கல்லைத் தோண்டச் சொன்னாரு. கடப்பாரையோட போன ஆளு குங்குமத்தைப் பாத்ததும் கடப்பாரையைக் கீழ வச்சுட்டுச் செருப்பைக் கழட்டுனாரு. சர்வேயரும் கழட்டுனாரு. அங்க ஒரு வழிபாட்டுத் தலம் இருக்குறதால மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க இயலலைன்னு எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. மறுவாரம் தோப்புக்காரர் கொட்டகை போட்டாரு. முதல் மரியாதை அவருக்குத்தான். மாலையும் கழுத்துமா என்னைப் பாத்து, எல்லாம் நீங்க ஆரம்பிச்சு வச்சதுன்னு கும்பிட்டாரு.

என் தங்கச்சி அந்த வருஷமும் நாத்து நட்டா. வைராக்கியம். கார்த்திகை மாசம் மடைத்தண்ணி இளைக்க ஆரம்பிச்சதும் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு, சாமிக்கு இருக்குற இடம் பிடிச்சிருக்கான்னு சாமிகிட்டயே பூப் போட்டுக் கேப்போம்னு சொன்னா. வெள்ளைப் பூ வந்தா சாமி, சர்வேயர் சொன்ன பழைய இடத்துக்குப் போகணும், மண்கரையையும் உடைக்கணும். செவ்வரளி வந்தா இங்கனயே இருக்கட்டும். கேக்க வேண்டாம்னு யாரால சொல்ல முடியும்? தோப்புக்காரர் பெருந்தன்மையா, டீச்சரே பூப் பொட்டலம் கட்டட்டும், அவிய சாமிக்குப் பயந்தவியன்னு சொன்னாரு. அதுல பொய்யில்லை. எனக்குச் சாமின்னா பயம்தான்.

ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை நந்தியாவட்டையையே வச்சுக் கட்டினேன். எங்கிட்டப் படிச்ச பிள்ளைக அத்தனை பேருக்கும், பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு சொல்லிக் கொடுத்தவ நான்.

பால்வாடிப் பிள்ளை ஒண்ணு வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச்சு. வெள்ளை. ஊரே குலவை போட்டுச்சு. அடுத்ததையும் பிரிங்கன்னு பூசாரி கையை நீட்டுனாரு. என் தங்கச்சி வெடுக்குனு அதை எடுத்து மடியில முடிஞ்சுக்கிட்டா. சாமி வாக்குச் சொன்ன பொறவு மத்ததைப் பிரிச்சா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்னு சொன்னா. அப்படி ஒரு முறை எங்கயும் கிடையாது. ஆனா பெரியவங்க எல்லாரும், ஆமா ஆமா, அதுதான் முறைன்னு தலையாட்டுனாங்க.

மேளதாளத்தோட கல்லு பழைய இடத்துக்குப் போச்சு. மண்கரையை ஜேசிபி வச்சு உடைச்சாங்க. அந்த வாரமே மலையில நல்ல மழை, தென்னைக்கு நடுவுல தண்ணி ஏறி நின்னுச்சு. தோப்புக்காரர் ஒண்ணும் கோவிச்சுக்கலை. அந்த இடத்துலயும் முதல் மரியாதை அவருக்குத்தான். இப்ப ஓடைப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்காராம், அங்கயும் ஒரு சர்வே கல்லு இருக்காம்.

தை பிறந்த கையோட எனக்குக் கண்புரை ஆபரேஷன். சாமி குத்திருச்சுன்னே நினைச்சேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிடந்தப்ப, தங்கச்சி புது அரிசி ஒரு பையில கொண்டுக்கிட்டு வந்தா. கூடவே அந்தப் பொட்டலம், முடிச்சு அவிழ்க்காம. ஏட்டி, பிரிச்சுப் பாக்கலையான்னு கேட்டேன். கட்டுனது யாருன்னு தெரியும், எதுக்குப் பிரிக்கணும்னு சொன்னா. நான் என் பயத்தைச் சொன்னேன். அவ பொட்டலத்தை எடுத்து என் தலைமாட்டுல வச்சா.

"கல்லை நகட்டுனவருக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் தெரியுது, கண்ணாடிகூடப் போடலை. நீ எதுக்குக்கா பயப்படுதே?"

பைக்குள்ள கையை விட்டு அரிசியை அள்ளிப் பாத்தேன். அவ வயல் அரிசி, மூணு வருஷத்துக்குப் பொறவு. அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அழுதேன்.