கோமதிக்கு நான் எழுதிக் கொடுத்த தாள்

கோமதி போய்விட்டாள் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவள் கணவர் சங்கரலிங்கம் அண்ணாச்சிதான். நான் பண்பொழிப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷமாகிறது. மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள், நானும் திரும்பினேன். தென்காசியில் இரும்புக்கடை வைத்திருக்கிற மனிதர், கடை நேரத்தில் படியை விட்டு இறங்காதவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கோமதி போயிட்டா டீச்சர். விடியக்காலம் அஞ்சு மணி இருக்கும்" என்றார். நான் பிள்ளைகளின் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் போகவில்லை. "ரெண்டு நாளா என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா. மூச்சு வாங்குது, வார்த்தை தெளியலை. காதைக் கொண்டுபோயி அவ வாய்கிட்ட வச்சும் பாத்தேன். எனக்கு வெளங்கவே இல்லை. நீங்க இருந்திருந்தா வெளங்கியிருக்கும்" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பதின்மூன்று வருஷம் காது கேளாமல் வாழ்ந்த ஒருத்தி கடைசியில் சொன்னதைக் காது கேட்கிற ஒருவராலும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அது என்னவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளோடு வேலை பார்த்த நீங்களெல்லாம், "ரோசம்மா டீச்சர், நீங்கள்தான் நெருக்கம், அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள்" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். அவளைப் பற்றி நல்லதாக எழுதவேண்டுமானால் என்னைப் பற்றிக் கெட்டதாகவும் எழுதியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசிப் பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் சிரித்தால் தலைமையாசிரியை அறை வரைக்கும் கேட்கும். மகள் வள்ளி பிறந்த மறு வருஷம் இருமல் வந்தது. இருமலோடு ரத்தம் வந்தது. சயரோகம் என்றார்கள். அந்த நோய்க்கு அப்போதுதான் புது ஊசி வந்திருந்தது. மூன்று மாதம் தினமும் போட்டார்கள். இருமல் நின்றது. ஒருநாள் என்னிடம், "ஏட்டி, குத்தாலத்துச் சில்வண்டெல்லாம் எங்காதுக்குள்ள வந்து குடியேறிட்டு" என்று சிரித்தாள். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் மட்டும் காதில் தங்கியது, மற்றச் சத்தமெல்லாம் போயிற்று. ஊசி காதைத் தின்றுவிட்டது. உயிர் மிஞ்சியதே பெரிது என்றார் டாக்டர். காதோடு நடையின் நிதானமும் போயிற்று. இருட்டில் சுவரைப் பிடிக்காமல் அவளால் நாலு எட்டு வைக்க முடியாது.

ஆனால் அவள் கண் இருக்கிறதே! உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிக்க ஒரே வருஷத்தில் பழகிவிட்டாள். வாய்ப்பாட்டை எல்லோரும் சேர்ந்து ஒப்பிக்கும்போது கடைசி வரிசையில் சும்மா வாயை மென்றுகொண்டிருந்த பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிப்பாள். ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்தார். உதட்டை மூடிய மீசை. கோமதிக்கு ஒன்றும் பிடிபடாது. அவர் கண்டுபிடித்தால் வேலை போய்விடும். நான் அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் சத்தமில்லாமல் வாயசைத்தேன். கோமதி அவரைத் தாண்டி ஜன்னலைப் பார்த்து டாண் டாண் என்று பதில் சொன்னாள். "கொஞ்சம் மாறுகண் போலிருக்கிறது, மற்றபடி கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார் மனிதர். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கோமதிக்குக் காது நான்தான் என்று நானே முடிசூட்டிக்கொண்டேன்.

நாலு பேர் சேர்ந்து பேசுகிற இடத்தில் உதட்டைப் பார்த்துப் பயனில்லை. யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் பேச்சு வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்காகப் பழைய பரீட்சைத் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆசிரியர் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுவதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "நாலு பேரு சிரிச்சா எதுக்குச் சிரிக்காங்கன்னு எனக்கும் எழுது. சிரிச்சு முடிச்ச பொறவு எழுதாத." கையை ஒடிக்கிற வேலை அது. கை அசந்த நேரத்தில் நானும், "ஒண்ணுமில்லட்டி, அப்புறம் சொல்லுதேன்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த அப்புறம் பல நாள் வந்ததேயில்லை.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. முன்பெல்லாம் கடையில் நடந்த அத்தனை வம்பையும் சாப்பிடும்போது அவளிடம் கொட்டித் தீர்ப்பவர். முகம் பார்த்து நிறுத்திச் சொல்லவேண்டும் என்றானதும் பேச்சு சுருங்கிவிட்டது. வம்பை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அதில் ருசி இருக்காதல்லவா! ஒருநாள் காலையில் கோமதி பள்ளிக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "நேத்து அவுக எங்கிட்ட மூணு வார்த்தை பேசுனாக. சோறு, போதும், வெளக்கு. எனக்குக் காது போனது பெரிசில்லட்டி. அவுகளுக்கு வாய் போயிட்டே, அதத்தான் தாங்க முடியலை." நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மணி அடிக்கப் போனேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம். வள்ளிக்கு மூன்று வயது. கோமதி அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து விறகை ஊதிக்கொண்டிருந்தபோது, பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் பிள்ளை தலைகுப்புற விழுந்துவிட்டது. விழுவதற்கு முன்னால் தொட்டி விளிம்பில் தொங்கிக்கொண்டு கத்தியிருக்கிறது. தெருவே கேட்டது, தாய்க்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சுவரேறிக் குதித்துத் தூக்கினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மறுநாளே சுரண்டையிலிருந்து அண்ணாச்சியின் அக்கா வந்துவிட்டாள். கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், வள்ளி மேல் உயிரையே வைத்திருந்தவள். வீட்டில் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். எழுதிக்காட்ட என்னையும் கோமதி கூப்பிட்டிருந்தாள். அக்கா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசினாள்.

"ஏலே சங்கரு, செவிட்டுத் தாய்கிட்ட வளந்தா பிள்ளை ஊமையாத்தான் போவும். இன்னைக்குத் தொட்டி, நாளைக்குத் தீ. இனிமே வள்ளி எங்கிட்டதான் வளருவா. அவ வயசுக்கு வாற வரைக்கும் சுரண்டையிலயே இருக்கட்டும்."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "சரிக்கா" என்றார்.

கோமதி தாளுக்காகக் கையை நீட்டினாள். நான் எழுதினேன்: 'சாரல் காலம் முடியிற வரைக்கும் பிள்ளை சுரண்டையில் இருக்கட்டுமாம். நீ இளைச்சுப் போயிருக்கியாம். உடம்பு தேறணுமாம்.'

ஏன் அப்படி எழுதினேன்? அவள் அங்கேயே விழுந்துவிடுவாள் என்று பயந்தேன். இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் விழுந்த பிள்ளையை நினைத்து எனக்கே அக்கா சொல்வது சரிதானோ என்றிருந்தது. கோமதி தாளைப் படித்தாள். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சரியென்று தலையாட்டிவிட்டு, பிள்ளையின் கவுன்களை அவளே மடித்துப் பையில் வைத்தாள். பிள்ளையைக் கொடுத்த அந்த வீட்டில் ஒரு குரல்கூட உயரவில்லை. உண்மையை எழுதியிருந்தால் அவள் கத்தியிருப்பாள். கத்தி, சண்டை போட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்திருப்பாள். அதற்கு இடமில்லாமல் செய்தது என் எழுத்து.

சாரல் முடிந்தது. "பாப்பா எப்பம் வருவா?" என்று கேட்டாள். தீபாவளி கழியட்டும் என்றேன். தீபாவளி கழிந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம், படிப்புக் கெட வேண்டாம் என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க எத்தனை பொய்! சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சுரண்டைக்குப் போய்வருவாள். அந்த வீட்டில் அவளிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். கத்தும்போது வாய் கோணிக்கொள்ளும். உதட்டில் ஒன்றும் தெரியாது. பிள்ளையும் அப்படியே பழகியது. பிறகு கத்துவதும் நின்றது. குனிந்துகொண்டு கேட்டதற்கு மட்டும் தலையாட்டும். "இன்னைக்கு அவ மொகத்தையே நிமித்தலைட்டி" என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலைகளில் கணக்குப் பாடம் எடுக்கப் போவாள்.

ஐந்து வருஷம் இப்படியே போனது. ஒரு ஆடி மாதம் இருவரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். கோமதிக்கு அருவி என்றால் கொள்ளை ஆசை. அருவிக்குக் கீழே யாருக்கும் காது கேட்காது. எல்லோரும் கையைக் காலை ஆட்டித்தான் பேசவேண்டும். அங்கே அவள்தான் ராணி. ஊரில் எங்கே பேசினாலும், "மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு" என்று கையமர்த்துவார்கள். அருவியில் தொண்டை கிழியப் பேசலாம். ஆனால் கண்ணை மூடினால் விழுந்துவிடுவாள். தண்ணீருக்குள் தலையைக் கொடுக்கிற நேரமெல்லாம் நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அப்படிப் பிடித்திருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அவளை வெளியே இழுத்து, முகத்தோடு முகம் வைத்து, "நான் எழுதுனது பொய். பிள்ளையை உங்கிட்ட திருப்பித் தாறதா அன்னைக்கே பேச்சில்லை" என்று சொன்னேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவள் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். அருவிச் சத்தத்தைத் தாண்டிக் கத்தினாள்.

"தெரியும். மதினி வாயையும் பாத்தேன். ஒந்தாளையும் பாத்தேன். ரெண்டும் வேற வேறயா இருந்துச்சு. ஒந்தாளைத்தான் நம்புனேன். ஒன்னையும் நம்பலைன்னா எனக்குப் பொறவு யாருட்டி இருக்கா?"

என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை. "தலையில சீயக்கா இருக்கு, புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு விழாமல் குளிக்க வேறு கை இல்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் சுரண்டைக்குக் கூடப் போனேன். அக்காவிடம் மன்றாடினேன். "பிள்ளையவே கேளுங்க டீச்சரம்மா" என்றாள். எட்டு வயது வள்ளி தூணைப் பிடித்துக்கொண்டு, "நான் வரலை. அங்கன எனக்குப் பேச ஆள் இல்லை" என்றாள். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். கோமதி என் கையைப் பிடித்து, "எழுதாண்டாம். இந்த ஒரு தடவை மொகத்த நிமித்திச் சொல்லிட்டா" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளையைக் கேட்டு அவள் யாரிடமும் போகவில்லை. சனிக்கிழமை பஸ் மட்டும் நிற்கவில்லை. போன வருஷம் பழைய நோய் திரும்பி வந்து படுக்கையில் விழுந்த பிறகுதான் அதுவும் நின்றது.

சாவு வீட்டில் வள்ளி அழாமல் உட்கார்ந்திருந்தாள். பதினாலு வயது. உயரமும் நெற்றியும் அப்படியே தாய். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் பேசுதது அம்மைக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு அத்தை சொல்லுவா. அதான் நான் பேசாமலே இருந்துட்டேன். நெசமாவே வெளங்காதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அந்தப் பிள்ளை நிம்மதியாக எழுந்து போயிருக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அம்மாவைத் தூக்குவதற்கு வெளியே ஆட்கள் வந்து நின்றார்கள்.

"வெளங்கும். மொகத்தைப் பாத்துச் சொன்னா எல்லாம் வெளங்கும். நீ ஒத்தச் சொல்லு சொல்லுவேன்னுதான் அம்மை ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தா" என்றேன். பிறகு அந்தத் தாளைப் பற்றியும் சொன்னேன். நான் எழுதியதை, எழுதாமல் விட்டதை, அருவியில் அவள் சொன்னதை, ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன்.

வள்ளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் எழுந்து நின்றாள். "இனிமே எங்கிட்ட பேசாதீங்க" என்றாள். உள்ளே ஓடிப்போய் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "எம்மா, எம்மா, நான் வந்திருக்கேன் பாரு" என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். நாலு பெண்கள் சேர்ந்துதான் அவளைப் பிரித்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை சுரண்டைக்குப் போய்விட்டு வந்தேன். வள்ளி கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிவிட்டாள். கோமதி என்மேல் ஒருநாளும் காட்டாத கோபம் அது. அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான். அடுத்த சனிக்கிழமையும் போவேன்.