ரெபேக்கா வைத்த இரண்டு புள்ளிகள்

முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல ரெபேக்காவுக்கு வராது. எழுபது வயதாகியும் வரவில்லை. வாய் பேச வேண்டிய இடத்திலெல்லாம் கணக்கைப் பேசவிட்டே வாழ்ந்தவர்.

மைசூரில் ஒரு நர்ஸின் மகள். கணிதம் படித்துவிட்டு, பாறைக்கு அடியில் நீரோட்டம் தேடும் வேலைக்கு வந்தார். அந்த வேலையில் அப்போது புடவை கட்டிய இன்னொரு ஆள் கிடையாது. நான்கு இரும்பு முளைகளைத் தரையில் அடித்து, வெளிமுளைகள் இரண்டின் வழியே மின்சாரத்தை இறக்கி, உள்முளைகளில் என்ன வருகிறது என்று அளக்க வேண்டும். தண்ணீர் உள்ள பாறை மின்சாரத்துக்கு வழிவிடும், காய்ந்த பாறை மறிக்கும். ஆனால் இந்தப் பக்கத்துக் கருங்கல்லில் தண்ணீர் பரந்து கிடப்பதில்லை. மெல்லிய வெடிப்புகளில் ஒளிந்து ஓடுகிறது. வெடிப்பு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலே நின்றபடியே கண்டுபிடிக்கும் சமன்பாட்டை, கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காத நாட்களில், ரெபேக்கா கையாலேயே போட்டு முடித்தார்.

கட்டுரை வெளிவந்தபோது மேலதிகாரியின் பெயர்தான் முதலில் இருந்தது. ரெபேக்கா வாயைத் திறக்கவில்லை. யார் போட்டது என்று கணக்குக்குத் தெரியும் என்று இருந்துவிட்டார். காலப்போக்கில் அந்த முறைக்கு ரெபேக்காவின் பெயரே நிலைத்தது. ஹனூர், கொள்ளேகால் காடுமேடெல்லாம் அலைந்து, துளையிட அவர் வைத்த புள்ளி எதுவும் பொய்த்ததில்லை என்று ஊர் சொன்னது. கல்யாணமில்லை, பிள்ளையில்லை. அந்தப் பேச்சு ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து.

ஓய்வுக்குப் பிறகு மைசூர் விஜயநகர் ஓரத்தில், லேஅவுட்டின் கடைசி வரிசையில் வீடு. காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினால் பழைய சந்து. அங்கே கனகாவின் கிணறு. கனகா இட்லி மாவு அரைத்து விற்பவர். சந்தில் இருந்த வீடுகள் எல்லாமே அந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தன.

லேஅவுட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்த கோடையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சந்தோஷ்குமார் வந்தார்.

“மேடம், வீட்லயே தங்கத்தை வெச்சிக்கிட்டு நாங்க டேங்கருக்குப் போன் போட்டுட்டு இருக்கோம். பார்க்ல ஒரு பாயிண்ட் வெச்சுக் கொடுங்க, சாகு.”

‘சாகு’ என்றால் கன்னடத்தில் போதும். ரெபேக்கா தலையாட்டிவிட்டார்.

பார்க்கில் முளைகளை அடித்தார். மண் காய்ந்து கிடந்ததால் மின்சாரம் சரியாக இறங்கவில்லை. முளையைச் சுற்றி ஈரம் வேண்டும். சுவருக்கு மேலே கனகாவின் முகம் தெரிந்தது.

“டாக்டரக்கா, மண்ணுக்கு ஊசியா போடறீங்க?”

“ஆமா. நாடி கிடைக்கல. ஒரு வாளி தண்ணி கொடு.”

கனகா கிணற்றில் இறைத்துச் சுவர் வழியே நீட்டினார். அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் ரெபேக்கா அளந்தார். அன்று மாலையே விடை தெரிந்துவிட்டது. பார்க்கின் மூலையில், நாவல் மரத்தடியில், அருமையான வெடிப்பு. அது சுவருக்கு அடியே புகுந்து நேராகக் கனகாவின் கிணற்றுக்குப் போகிறது. மரத்தடியில் துளைத்தால் கிணறு வற்றிவிடும்.

சங்கத்தில் எழுந்து, “இங்கே போட்டால் பின்சந்துக்குத் தண்ணீர் இருக்காது, போடாதீர்கள்” என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தார், வாய்க்கு வரவில்லை. மறுநாள் பார்க்கின் எதிர்ப்பக்கத்தில், காய்ந்த பாறைக்கு நேர் மேலே, சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் தெரிந்தே வைத்த முதல் பொய்ப்புள்ளி அது.

போர்வெல் வண்டி வந்து துளைத்த ஆழமெல்லாம் வெள்ளைப் புழுதிதான். செம்பருத்திச் செடிகள் திருநீறு பூசிக்கொண்டு நின்றன. யாரும் திட்டவில்லை. “வயசாயிடுச்சுல்ல” என்று ஒரு குரல் தாழ்ந்த சுருதியில் சொன்னது அவர் காதில் விழுந்தது. மோலி என்ற பக்கத்து வீட்டம்மா, ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது, அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். துக்க வீட்டில் பிடிப்பது போல.

இன்னும் ஒரே முறை பார்ப்பது, இல்லையென்றால் டேங்கரோடு இருந்துவிடுவது என்று சங்கம் முடிவெடுத்தது. கொள்ளேகாலிலிருந்து ஆறுமுகசாமி என்ற நீரோட்டம் பார்ப்பவரை அழைத்துவந்தார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அவர் பார்க்கைச் சுற்றி நடந்தார். ஊஞ்சல் பக்கம் வந்ததும் தேங்காய் விறைத்து நிமிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊஞ்சலுக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை என்று ரெபேக்காவுக்குத் தெரியும். சும்மா இருந்தால் போதும். இதுவும் பொய்க்கும், பேச்சு ஓயும், கனகாவின் கிணறு பிழைக்கும்.

“நாப்பது வருஷக் கணக்கைத் தேங்காய் அடிச்சிடுச்சுப்பா” என்று யாரோ சிரித்தார். அதைக்கூட ரெபேக்கா தாங்கிக்கொண்டார்.

ஆறுமுகசாமி நல்ல மனிதர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்.

“அம்மிணி, மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க மிசினு வெச்சுப் பாக்கறீங்க, நான் தேங்கா வெச்சுப் பாக்கறனுங்க. நம்ம தொழில்ல தப்பறது சகஜந்தானுங்களே.”

நம்ம தொழில்.

“அங்கே இல்லை” என்றது ஒரு குரல். அது தன் குரல் என்று ரெபேக்காவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. எழுபது வருடமாக வராத சொல் இப்போது வந்துவிட்டது. கால்கள் தாமாகவே நாவல் மரத்தடிக்குப் போயின. செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார்.

“இங்கே.”

“அப்போ மொதல்ல ஏன் மேடம் அங்கே வெச்சீங்க?” என்றார் சந்தோஷ்குமார்.

அப்போதும் உண்மையைச் சொல்ல ஒரு வழி திறந்திருந்தது.

“கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன்” என்றார் ரெபேக்கா.

போர்வெல் வண்டி தயாராக நின்றது; மதியத்துக்குள் மரத்தடியிலிருந்து தண்ணீர் மாடி உயரத்துக்குப் பீறிட்டது. குழந்தைகள் நனைந்து ஆடினார்கள். அங்கேயே அவருக்குச் சால்வை போர்த்தி, தலையில் மைசூர்ப் பேட்டா வைத்துப் போட்டோ எடுத்தார்கள். சரிகைக் கரை போட்ட அந்தத் தலைப்பாகை அவருக்குப் பெரிது, கண்ணை மறைத்தது. அதைத் தூக்கிவிட்டுப் பார்த்தபோது சுவருக்கு மேலே கனகா. இரு கைகளையும் உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்தார்.

மழை வருவதற்குள் கிணற்று வாளியில் சேறு ஏறியது. ஒரு காலையில் கனகா வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார்.

“மாவு அரைக்கத் தண்ணியில்லக்கா. கெணறு அடிதட்டிருச்சு. நீங்க கை வெச்சா வருதுன்னு ஊரே சொல்லுது. நம்ம சந்துக்கும் ஒரு பாயிண்ட் பாத்துக் கொடுங்க.”

ரெபேக்கா முளைகளைக் கூட எடுத்துவிட்டார். எடுத்தவர் கீழே வைத்தார்.

“பார்க்க வேண்டியதில்லை கனகா. உன் தண்ணிதான் அங்கே வருது. எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் காட்டினேன்.”

கனகாவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபப்படுவார் என்று ரெபேக்கா காத்திருந்தார். படவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“நானும் கைதட்டினேனேக்கா.”

இப்போது தினமும் காலையில் ரெபேக்காவின் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பச்சை ரப்பர் டியூப் சுவரேறி அந்தப் பக்கம் இறங்குகிறது. வேண்டாம் என்று சந்தோஷ்குமார் சொல்லிப் பார்த்தார். “முடியாது” என்றுவிட்டார் ரெபேக்கா. அதனால் கிணறு ஊறிவிடவில்லை. சந்து முழுவதற்கும் ஒரு டியூப் போதவும் போதாது.

குடங்கள் நிறையும் சத்தத்தைக் கேட்டபடி இந்தப் பக்கம் நிற்கிறார், எட்டிப் பார்ப்பதில்லை. “போதும்” என்று ஒரு குரல் வரும். அவர் குழாயை மூடுவார். முன்பெல்லாம் அந்தக் குரலின் கடைசியில் ஓர் ‘அக்கா’ இருக்கும்.