வலது ஓரத்து ஆடு

கோழிக்கடை ஒன்றின் இலவசக் காலண்டரில் கிழித்த தாள் அது. அதன் பின்பக்கத்தில் டெஸ்டர் அக்கா அடிக்கோல் வைத்து ஒரே வரிசையாக முப்பத்திரண்டு கட்டங்கள் போட்டிருந்தார். கட்டங்களின் மேல் ஸ்டிக்கர் பொட்டுகள். பெரிய சிவப்புப் பொட்டு மூன்றும் புலிகள், சின்னக் கறுப்புப் பொட்டு பதினைந்தும் ஆடுகள். ஒரு நகர்வை யோசிப்பார், பொட்டை நகத்தால் பெயர்ப்பார், வேறொரு கட்டத்தில் ஒட்டுவார். பொம்மனஹள்ளியில் டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். அவர் இருக்கை எனக்குப் பக்கத்திலேயே. "என்னக்கா, ஆபீசையே பேன்சி ஸ்டோர் ஆக்கிட்டீங்க?" என்று கேலி செய்வேன். கேலி செய்த எனக்கு, அந்தத் தாளில் என்ன நடக்கிறது என்று புரியவே மூன்று வாரம் ஆனது.

நாங்கள் கைப்பேசிக்காகச் செய்துகொண்டிருந்தது ஆடுபுலி ஆட்டம். இருபத்து மூன்று முனைகள் கொண்ட பலகை. புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி அடுத்த காலி முனையில் குதித்தால் அந்த ஆடு போயிற்று. ஆடுகள் கூடிப் புலிகளை நகர விடாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது. மனிதர் ஆடுகளை நகர்த்த, கணினி புலியாக ஆடும். அந்தக் கணினியின் மூளையை எழுதியவள் நான். பொறியியல் பட்டம், நிரந்தர வேலை, கழுத்தில் நீலக் கயிற்றில் அடையாள அட்டை. அக்காவுக்கு டிப்ளமோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கும் ஒப்பந்தம், ஆரஞ்சுக் கயிறு. நாங்கள் எழுதியதைப் பகல் முழுக்க ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

என்னுடைய புலி, விலை குறைந்த போனில் ஒரு நகர்வுக்கு ஒன்பது வினாடி யோசித்தது. "ஏம்மா, உன் புலி தூங்குதா? அதுக்குள்ள நான் காப்பி குடிச்சு டம்ளர கழுவிட்டே வந்துர்றேன். ஒரே பேஜாரு!" என்று அக்கா எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒருநாள் அது மேனேஜர் காதிலும் விழுந்தது. கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் தேன் வழியும். "அப்ப நீங்கதான் சரி பண்ணிக் காட்டுங்களேன். ஒரு செகண்டுக்குள்ள வந்துருச்சுன்னா, உங்கள டெவலப்பராவே பர்மனென்ட் பண்ணிப்போடலாமுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலண்டர் தாளோடு வந்தார்.

அவர் கண்டுபிடித்தது புதிய சங்கதி ஒன்றுமில்லை. சதுரங்க நிரல் எழுதுகிறவர்கள் எப்போதோ கண்டுவைத்ததுதான். ஆனால் எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை, டெஸ்டருக்குத் தோன்றியது. என் நிரலில் ஒவ்வொரு முனையும் ஒரு பெரிய பெட்டி: பெயர், நிறம், பக்கத்தில் யார் யார் என்ற பட்டியல். புலி யோசிக்கும்போதெல்லாம் இருபத்து மூன்று பெட்டிகளையும் நகலெடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். அக்கா பெட்டிகளையே ஒழித்துவிட்டார். கணினிக்குள் ஓர் எண் என்பது முப்பத்திரண்டு விளக்குகளின் வரிசை. எரியும், அல்லது அணைந்திருக்கும். புலி நிற்கும் முனைகளில் மட்டும் விளக்கு எரிந்தால் அது ஓர் எண். ஆடுகளுக்கு இன்னோர் எண். மொத்தப் பலகையும் இரண்டே எண்கள்; கடைசி ஒன்பது விளக்குகள் சும்மா கிடக்கும். எந்த முனை காலி என்று தெரிய, இரண்டையும் சேர்த்து, எரிவது அணையவும் அணைந்தது எரியவும் புரட்டிப் போட்டால் போதும். எல்லாப் புலிகளையும் ஒரே தட்டில் வலப்பக்கம் நகர்த்த, எண்ணை ஓரிடம் தள்ளினால் போதும். எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, கழித்ததையும் பழையதையும் ஒப்பிட்டு இரண்டிலும் எரிவதை மட்டும் வைத்துக்கொண்டால், ஓரத்தில் எரிந்த ஒரு விளக்கு மட்டும் அணையும். இப்படி ஒவ்வொரு புலியாக எடுத்துவிடலாம், தேடவே வேண்டாம். ஒன்பது வினாடி, கண் சிமிட்டும் நேரமானது. மேனேஜர் போனைக் கையில் வாங்கி நான்கு நகர்வு ஆடிவிட்டு, "அடேங்கப்பா!" என்றார். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பார்த்து அவர் அப்படி வாய் பிளந்ததே கிடையாது.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆரஞ்சுக் கயிறு போட்ட ஒருத்தி என் எழுத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, என் கண்ணெதிரே பாராட்டு வாங்குகிறாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் டப்பாவிலிருந்த பிரியாணியில் பாதியை என் தட்டில் தள்ளி, "நீல கயிறு வந்துச்சுன்னா மொத ட்ரீட்டு உனக்குத்தான்மா" என்றார். அதை வழித்துத் தின்றுகொண்டேதான் எரிந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவரே அதைச் சோதிக்கக் கூடாது. இன்னொருவர் வரி வரியாகப் படித்து ஓகே போட வேண்டும். அக்கா எழுதியதைப் படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? "நல்லா பாரும்மா. என் கண்ணுக்கு என் தப்பு தெரியாது" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஒரு தப்பாவது அகப்படாதா என்று. அகப்பட்டது.

பலகையில் உச்சி முனைக்குக் கீழே ஆறு ஆறு முனையாக மூன்று வரிசைகள், அடியில் நான்கு முனைகள். எண்ணுக்குள் அவை ஒட்டி ஒட்டி நிற்கும். முதல் வரிசையின் வலது கடைசி முனைக்கு அடுத்த விளக்கு, இரண்டாம் வரிசையின் இடது முதல் முனை. அதனால் வலப்பக்கம் தள்ளும்போது, ஓரத்தில் நிற்கும் புலி கீழ் வரிசைக்கு வழிந்துவிடாமல் அந்த ஓர முனையை மறைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். அக்கா மறைத்திருந்தார். ஆனால் ஓரடி நகர்வுக்குப் போட்ட அதே மறைப்பை, ஈரடித் தாவலுக்கும் போட்டிருந்தார். தாவலுக்கு வலது ஓரத்தின் கடைசி இரண்டு முனைகளையும் மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால், வரிசையின் ஐந்தாம் முனையில் நிற்கும் புலி, வலது ஓரத்தில் பத்திரமாக நிற்கும் ஆட்டைத் தின்றுவிட்டு, பலகையின் அந்தக் கோடியில் போய்க் குதிக்கும். எப்போதாவது அமையும் நிலைமைதான். நாலைந்து ஆட்டம் ஆடினாலும் கண்ணில் படாமல் போகலாம்.

ஒரே ஒரு வரி. நாற்காலியைத் திருப்பி, "அக்கா, இங்க பாருங்க" என்றிருந்தால் தீர்ந்தது. அவர் ஓரடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் முன்னாலும் ஒருமுறை மூக்கறுபடட்டும், டெவலப்பர் வேலை என்றால் என்னவென்று தெரியட்டும் என்று நினைத்தேன். பிறகு நானே சரிசெய்து பெருந்தன்மையாகச் சிரிக்கலாம் என்றும் நினைத்தேன். என்ன ஒரு தங்கமான மனசு எனக்கு! ஓகே போட்டேன்.

ஆட்டத்தை வாங்க வந்தவர்கள் முன்னால் மேனேஜரே ஆடிக் காட்டினார். பெரிய திரை, சமோசா, எல்லாம் உண்டு. ஆறாவது நகர்விலோ ஏழாவது நகர்விலோ அந்த நிலைமை அமைந்தது. புலி வலது ஓரத்து ஆட்டை விழுங்கிவிட்டு இடது ஓரத்தில் போய் நின்றது. வந்தவர்களில் பெரியவர், "இது புலியா, கங்காருவா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் அந்த முனையையே பார்த்தபடி நின்றார். எங்கே தப்பு என்று அவருக்கு அந்த நொடியே விளங்கியிருக்க வேண்டும். "என் தப்புதான் சார்" என்றார். படித்து ஓகே போட்டவள் ஒருத்தி அதே அறையில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "நீங்க பாக்கலீங்களா?" என்று கேட்டார். "கவனிக்கலை சார்" என்றேன். அக்கா குறுக்கிட்டு, "அவ மேல தப்பு இல்ல சார். அது லேசுல கண்ணுக்கு ஆம்புடாது" என்றார். அந்த இடத்திலாவது நான் பேசியிருக்கலாம்.

பத்தே நிமிடத்தில் சரிசெய்தேன். நினைத்தபடி பெருந்தன்மையாகச் சிரிக்க மட்டும் வாய்ப்பே வரவில்லை. அந்த மாத முடிவோடு அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. "டெஸ்டருங்கள டெஸ்ட் மட்டும் பண்ண விட்டிருக்கோணும்" என்று மேனேஜர் என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேன். ஆட்டம் பின்னால் விற்றது, நன்றாகவே ஓடியது. அதன் மூளையை வேகமாக்கியவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தே எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் பெரிய நிறுவனத்துக்கு மாறினேன், சந்தாபுராவில் வீடு வாங்கினேன். நேர்காணல்களில் அந்த விளக்குக் கணக்கை அக்கா சொன்ன விதத்திலேயே, கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். கேட்பவர்கள் மயங்குவார்கள். வாய் கூசியதே இல்லை.

போன மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். அக்கா அங்கே டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார், விசாரிக்க என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். இடையில் வேறு இரண்டு இடங்களில் சோதிக்கும் வேலையிலேயே காலம் போயிருக்கிறது. "அந்த கேம்ல கம்ப்யூட்டர் ஆடற பகுதிய இவங்கதான் எழுதினதா ரெஸ்யூமேல போட்டிருக்காங்க மேடம். கன்ஃபர்ம் பண்ண முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். பார்க்கிங்கில் நின்றிருந்தேன். பக்கத்தில் யாருமில்லை, அவர்களுக்குப் பயந்தேன், இவர்களுக்குப் பயந்தேன் என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அதே வரி என் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. அதை வைத்துத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

"அவங்க டெஸ்டரா இருந்தாங்க. ரொம்ப நல்ல டெஸ்டர்" என்றேன்.

"அப்ப எழுதினது?"

"நான்தான்."

ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் பஸ் சத்தம். "ஏம்மா, நல்லாக்கீறியா? உனக்குப் போன் போட்டாங்களாமே. வேல கெடைக்கலம்மா. நீ நல்லாத்தான் சொல்லியிருப்ப, எனக்குத் தெரியாதா? அன்னிக்கி நான் பண்ண தப்பு எப்படியோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். பர்வால்ல வுடு. வேற எடத்துலயும் உன் நம்பரத்தான் குடுத்திருக்கேன்."

மூன்று முறை கேட்டேன். பிறகு, "கவலைப்படாதீங்க அக்கா, அடுத்தது கண்டிப்பா கிடைக்கும்" என்று தட்டி அனுப்பினேன்.