மச்சாளின் வளைகிற துவக்கு

துவக்கு என்ற சொல்லை இந்தப் பத்தியில் எழுதலாமா, கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். துப்பாக்கிக்கு எங்கள் ஊர்ச் சொல் அது; கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். சமாதானம் என்று பேசுகிற இந்த மாதங்களிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. பயப்படாதீர்கள்... இது பலூன் உடைக்கிற துவக்கு.

போன கிழமை எங்கள் கடற்கரை அம்மன் கோயில் திருவிழா முடிந்தது. பத்து நாள். கச்சான் கடலை வண்டி, வளையல் கடை, ஐஸ்கிறீம் வான் எல்லாம் வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, பலகை நிறையப் பலூன் கட்டிவிட்டுக் காற்றுத் துவக்கோடு நிற்பவர் என் மச்சாள் தவமணி. என் அண்ணாவின் மனைவி. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார்.

சண்டை ஓய்ந்து திருவிழாக்கள் களைகட்டத் தொடங்கியதும் அண்ணா போட்ட கடை அது. ஒரே ஒரு திருவிழாதான் நடத்தினார். பிறகு மாரடைப்பில் போய்விட்டார். 'பொம்பிளை துவக்கோட நிக்கிறதோ?' என்று சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள். மச்சாள் பலூன் வாங்கப் போனார். இந்த வருடம் கடையைப் போட்டார்.

இரண்டாம் நாள் பின்னேரம் வந்தார் யோகன். குச்சவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர். கைகள் இரண்டும் உலக்கை மாதிரி. ஐந்து முறை சுட்டார். ஐந்தும் பிழைத்தது; ஒரு பலூனும் உடையவில்லை.

"நீங்கள் ஒருக்காச் சுடுங்கோ அக்கா, பாப்பம்" என்றார்.

மச்சாள் சுட்டார். மூன்று சூடு, மூன்று பலூன்.

"பாத்தியளே! அவ சுட்டால் படுது, நாங்கள் சுட்டால் படுதில்லை. இது கள்ளத் துவக்கு. ஏதோ சூட்சுமம் வைச்சிருக்கிறா!"

அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னார். சனம் சிரித்தது. பிறகு கலைந்தது. மூன்றாம் நாள் கடைப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் மச்சாள் துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மச்சாள், பேசாமல் கடையை மூடுங்கோ. வாற வருசம் எல்லாரும் மறந்திடுவினம்" என்றேன்.

"கடை ஓடாட்டிப் பரவாயில்லை. உங்கட அண்ணன்ர பேரில நடக்கிற கடை. அதைக் கள்ளக் கடை எண்டு சொல்லிப்போட்டுப் போறான். இப்ப மூடினால் 'பிடிபட்டிட்டா, ஓடிட்டா' எண்டுதான் சனம் கதைக்கும். விட ஏலாது."

என் அண்ணாவின் பேர். மச்சாளுக்கு இருந்த ரோசம் எனக்கு ஏன் வரவில்லை?

வீட்டு வளவுக்குள் ஒரு பால்மாத் தகர ரின்னை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். மச்சாள் துவக்கைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல மெதுவாகப் பிடிப்பார். பட்டது. எனக்கோ துவக்கைக் கண்டாலே பயம். இறுக்கிப் பிடித்தேன். படவில்லை. திரும்பவும் இறுக்கினேன். திரும்பவும் படவில்லை.

"பொறுங்கோ" என்றார் மச்சாள். "அப்பிடியே இறுக்கிப் பிடியுங்கோ... கையை எடுக்காதேங்கோ."

குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். குழாய்தான் இரும்பு. மிச்சமெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோது. குழாய்க்குக் கீழே இருக்கிற முன்கட்டை என் பிடியில் நெளிந்து குழாயை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது! மெதுவாகப் பிடித்தால் நேர். இறுக்கினால் கோணல். வலை இழுக்கிற கை எப்படிப் பிடிக்கும், சொல்லுங்கள்?

பலூன் கடைத் துவக்கு கோணல் என்பது ஊர் உலகத்தின் நம்பிக்கை. கோணலாக இருந்தால் கடைக்காரருக்குத்தானே இலாபம்? அதை நேராக்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்ற கடைக்காரரை நான் கண்டது இதுதான் முதல் தடவை.

நேராக்குவது என்றால் எப்படி? தச்சரிடம் புது மரக்கட்டை செய்விக்க வசதி இல்லை. முதல் யோசனை என்னுடையது: மெழுகுதிரியை உருக்கி உள்ளே ஊற்றினோம். காலையில் கல்லு மாதிரி இருந்தது. திருகோணமலை மத்தியான வெயிலில் என் முழங்கைவரை வழிந்தது. மச்சாள் ஒரு துணியை எடுத்துத் துடைத்துவிட்டார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு அவர் நேரே கடற்கரைக்குப் போனார். அங்கே ஃபைபர் போட் திருத்துகிற சூசை இருக்கிறார். எங்கள் வயதுக்காரர்தான். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெசின் பிசின் ஊத்தலாம். ஆனால் உந்தப் பிளாஸ்டிக்கில ஒட்டாது. சான்ட் பேப்பர் போட்டு நல்லாச் சுரண்டுங்கோ. உள்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை போடுங்கோ, ரெசின் போய்ப் பிடிச்சுக்கொள்ளும். ஒரேயடியா ஊத்தாதேங்கோ... கொதிக்கும், கட்டை இளகி வளைஞ்சு போகும். கொஞ்சம் ஊத்துங்கோ, இறுகவிடுங்கோ, பிறகு மிச்சம். உள்ளுக்கு ஏதாவது குழாய் வைச்சால் இன்னும் திறம்."

குழாய்க்கு எங்கே போவது? என் வீட்டுக் கூரையில் காற்றுக்கு முறிந்த ரிவி அன்ரனா ஒன்று கிடந்தது. அலுமினியம். பாரமில்லை, வளையாது. இரண்டு துண்டு வெட்டி முன்கட்டைக்குள் நீளவாக்கில் வைத்தோம். போட்டுக்கு ஊற்றி மிஞ்சிய ரெசினைச் சூசை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தந்தார், அதை இறுகவைக்கிற மருந்தைத் தனியாகத் தந்தார். மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஏழாம் நாள் மத்தியானம் நான் பலம்கொண்ட மட்டும் நெரித்துப் பார்த்தேன். அசையவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

சிரட்டையில் கொஞ்ச ரெசின் மிச்சம் இருந்தது. வீணாக்க மனம் வரவில்லை. தோளில் வைக்கிற பின்கட்டையும் கோதுதானே என்று அதற்குள்ளும் ஊற்றிவிட்டேன்.

கோயில் வளவுக்குள் துவக்கைக் கொண்டுபோகும்போது பொலிஸ் காவலரணில் காட்ட வேண்டும். அங்கே இருக்கிற சார்ஜன்ட் வழமையாகப் பின்கட்டையின் மூடியைக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்புவார். அன்றைக்கும் கழற்றினார். டோர்ச் அடித்தார். தட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன?"

"ரெசின்" என்றேன்.

"எதுக்கு?"

"துவக்கு நேராச் சுட..."

சொல்லி முடிக்கும்போதே என் வசனம் எனக்கே பயமாக இருந்தது. சோற்றுப் பார்சலையும் பிள்ளையின் பால் போத்தலையும் திறந்து காட்டி வளர்ந்த ஊர் இது. திறக்க முடியாத ஒரு பொருளை நானே என் கையால் செய்துகொண்டு வந்து காவலரணில் நீட்டியிருக்கிறேன்! வேறு ஊர்க்காரருக்கு இந்தப் பிழை வந்தால் மன்னிக்கலாம். எனக்கு?

அந்த மனிதர் ஏசவில்லை. "திறந்து காட்டினா போகலாம். இப்படி ஏலாது" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

திரும்பி நடந்தோம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. "என்னாலதான் மச்சாள்" என்றேன்.

"ஓம், உங்களாலதான்" என்றார். "காலமை உளியோட வாங்கோ."

எட்டாம் நாள் முழுவதும் சுரண்டினோம். கைத்துறப்பணத்தால் ஓட்டை போடுவதும் உளியால் தட்டுவதுமாக ஆள் மாறி ஆள் பாடுபட்டோம். இறுகிய ரெசின் இருக்கிறதே... அதோடு சண்டை பிடிப்பதற்கு எங்கள் அரசாங்க அலுவலகங்களோடு சண்டை பிடிக்கலாம். மச்சாளின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். பொழுதுபடும்போது பின்கட்டை பழையபடி கோதாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் சார்ஜன்ட் டோர்ச் அடித்தார். உள்ளே வெறும் வெளி. முன்கட்டையில் கண்ணாடி மாதிரித் தெரிந்த ரெசினுக்குள் இரண்டு அன்ரனாத் துண்டுகளையும் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' சொல்லிக் கையசைத்தார்.

கடை திறந்தது. ஐஸ்கிறீம் வான்காரர் வந்து இறுக்கிப் பிடித்து ஐந்தில் நாலு உடைத்தார். சனம் கூடியது. சனத்துக்குப் பின்னால் யோகனின் தலை தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மச்சாள் அப்படி இருக்கவில்லை.

"யோகன், இஞ்ச வாங்கோ. நல்லா இறுக்கிப் பிடிச்சே சுடுங்கோ."

வந்தார். ஐந்து சூடு. இரண்டு பட்டது. மூன்று பிழைத்தது.

யோகன் துவக்கைத் திருப்பினார். முன்கட்டையைப் பெருவிரலால் அழுத்தினார். இரண்டு கையாலும் நெரித்தார். வலை இழுக்கிற கை! அது அசையவில்லை. அந்த இடத்தில் அவர் இன்னொரு முறை 'கள்ளம்' என்று சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். ஐந்து நாள் பாடும் அண்ணாவின் பேரும் கடலோடு போயிருக்கும். தோற்ற மனிதருக்கு அதுதானே வசதியான கதை?

துவக்கைப் பலகையில் வைத்தார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"துவக்கு நேர்தான். என்ர கைதான் பிழை. அண்டைக்கு நான் சொன்னதும் பிழை அக்கா."

மச்சாள் தலையை மட்டும் ஆட்டினார். உடைந்த இடங்களுக்குக் கட்ட ஒரு புதுப் பலூனை எடுத்தார். வாயில் வைத்தார். எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் ஊதுங்கோ மச்சாள். எனக்கு மூச்சு வருகுதில்லை."

வாங்கி ஊதினேன். எனக்கும்தான் வரவில்லை.