ஏழாவது மெஷின்

அந்தமானில், மாயாபந்தர் அரசு ஆபீஸில் மழை பிடித்தால் தகரக்கூரைச் சத்தத்தில் போன் பேச முடியாது. ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேசுவேன்.

முதல் வேலை. வீடு போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில். இங்கே குவார்ட்டர்ஸில் தனியாக... நாள் முழுக்க ஹிந்திதான். என்னிடம் தமிழ் பேசியவர் ஒரே ஒருவர், போர்ட் பிளேர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்ட ரஹ்மத் அக்கா. அதுவும் போனில்.

எங்களிடம் ஏழு கம்ப்யூட்டர்கள். புது சாஃப்ட்வேர் போடுவதற்கு முன், ஒவ்வொன்றும் என்ன வகை என்று அக்காவுக்குச் சொல்ல வேண்டும். கறுப்புத் திரையில் uname -m என்று அடித்தால் ஒரு வரி வரும். i686 என்றால் பழசு, x86_64 என்றால் புதுசு. ஏழும் தெரிந்ததும் அதற்கேற்ற டிஸ்க்குகளை அவர் கப்பலில் அனுப்புவார்.

பத்து நிமிஷ வேலை. நான் தினம் ஒரு மெஷின் பார்த்தேன். தினம் ஒரு போன்.

"i686 அக்கா."

"சரி தம்பி. சாப்டீங்களா? இன்னிக்கு என்ன கறி?"

அந்தக் கேள்விக்காகத்தான்...

ஏழாவதையும் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். "கரண்ட் இல்லக்கா", "கீபோர்டு சரியில்லக்கா" என்று ஒரு வாரம் ஓட்டினேன். அதற்குள் டிஸ்க் வர வேண்டிய கப்பல் அது இல்லாமலே கிளம்பிவிட்டது.

ஒரு அம்மா மகளோடு படகில் வந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு சர்டிபிகேட் வேண்டும். புது சாஃப்ட்வேர் வந்தால்தான் எடுக்க முடியும் என்றேன்.

"பிச்லி பார் பீ யஹீ போலா தா" என்றார். போன தடவையும் நான் இதையேதான் சொன்னேனாம். சண்டை போடவில்லை. மகள் நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அவர்கள் போனதும் ஏழாவதில் அடித்தேன். x86_64. அக்காவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.



"லைன்ல இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன். பேசணும்னா பேசுங்க தம்பி. அதுக்காக நாலு பேர் வேலைய நிறுத்தி வைக்காதீங்க."

அடுத்த கப்பலுக்குக் காத்திருக்காமல் டிஸ்க்குகளை மறுநாளே, தீவுகளைக் கடந்து வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அந்த அம்மாவுக்கு வாரக் கடைசியில் சர்டிபிகேட் கிடைத்தது.

எனக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தபோது அக்கா மெயின்லேண்டுக்குப் போய்விட்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

இன்று அவர் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். எந்தத் தீவில் என்ன மெஷின் என்று பட்டியல் தானாகவே என் திரைக்கு வந்துவிடுகிறது. தப்பு வருவதில்லை, தாமதமும் இல்லை. யாரும் என்னைக் கூப்பிட வேண்டியதும் இல்லை...

சில நாள் சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போதுதான் தெரியும், காலையிலிருந்து ஒருத்தரோடும் பேசவில்லை என்று.