வெறுந்தாளில் போட்ட கையெழுத்து

உங்கள் மாமாவின் முன்பல் ஏன் தங்கமாக இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே, "உங்கப்பாகிட்டயே கேளுங்க" என்றார். பிள்ளைகளே, அந்தப் பல்லை உடைத்தவன் நான். அதுவும் அலோன் பேட்டையில் நம் கோவிலுக்குள், பீடத்துக்கு முன்னால்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தான். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் சில வருடம் கழித்து ஊழியத்தை விட்டார். விட்டவர் சும்மா இருக்கவில்லை. பபேடான் கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் நாலு பேர் கேட்க, "தண்ணி தெளிச்ச காலத்துலயே எனக்கு நம்பிக்கை கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சு சபையை இரண்டாகப் பிளந்தது. நம்பாதவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா? செல்லாது என்றவர்கள் வலப்பக்க பெஞ்சில் உட்கார்ந்தார்கள், செல்லும் என்றவர்கள் இடப்பக்கம். வாரம் முழுக்கத் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை இறக்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவருக்கு மண்டை உடைந்து ஏழு தையல்.

நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். மூத்த மூப்பர்தான் எனக்குக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் வலப்பக்கம், அதனால் நானும். உயிரோடிருப்பவர்களுக்கு இன்னொரு முறை தண்ணீர் தெளிப்பார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். செத்துப்போன பிள்ளை என் நினைவுக்கு வரவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நம் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. இளவட்டங்கள் பலருக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அதனால் தாளின் அடியில் எல்லாரும் முதலில் கையெழுத்துப் போடுவோம். மேலே தீர்மானத்தை மூப்பர் பிறகு எழுதிக்கொள்வார். ஞானஸ்நானத் தீர்மானத்துக்காக வலப்பக்கத்தார் கூடிய அன்றைக்கும் அப்படித்தான்.

"எங்க போடணும், ஊலே?" என்று ஒருவன் கேட்டான். பர்மாக்காரர் மாமாவைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் மூப்பரை ஊலே என்றுதான் கூப்பிடுவோம்.

"எங்க வேணா போடுடா. உன் கையெழுத்தப் பாத்தா கர்த்தருக்கே அடையாளம் தெரியாது."

சிரித்துக்கொண்டே போட்டோம்.

மறுவாரம் அதை வாசிக்க உங்கள் மாமாவை எழுப்பினார்கள். நல்ல குரல், தடங்கலில்லாமல் வாசிப்பார். பாதியில் நிறுத்தி, அதே வரியை மறுபடி வாசித்தார். அந்த ஞானஸ்நானம் செல்லாது, அப்படிப் புதைக்கப்பட்டவர்களின் சிலுவைகளைச் சபைக் கல்லறைத் தோட்டத்திலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. என் முஷ்டி அவர் வாயில் இறங்கியது. பல் உடைந்து என் விரலில் குத்தி நின்றது. பிறகு இரண்டு பக்கமும் பாய்ந்தது. பெஞ்சுகள் கவிழ்ந்தன. பாட்டு நம்பர் மாட்டுகிற பலகையைக் கழற்றி ஒருவன் இன்னொருவன் முதுகில் அடித்தான். ஒருவருக்குக் காது கிழிந்து தொங்கியது. மூச்சு வாங்கி நாங்களே ஓய்ந்தபோது பீடத்துணியில் ரத்தம்.

வீட்டுக்கு நடக்கும்போது உங்கள் அம்மா கேட்டாள்: "அதுல உங்க கையெழுத்தும் இருக்குதா?"

"இருக்கு."

"அப்ப நம்ம பிள்ளை யாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அன்றிரவே பழைய பெட்டியைக் கிளறினேன்.

என் அப்பா மிஷன் பள்ளியில் பரிசாக வாங்கிய சபைச் சரித்திரப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். ஆதி சபையாரும் இதே கேள்விக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆர்ல் என்ற ஊரில் பிஷப்புகள் கூடி, தெளித்தவர் எப்படிப்பட்டவர் என்பது பெரிதல்ல, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பேரால் தெளித்திருந்தால் மறுபடி வேண்டாம் என்று முடித்தார்களாம்.

எபேசுவில் பிஷப்புகள் கூடிய ஒரு சங்கத்தைப் பற்றிய பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விவாதம் வேறு, ஆனால் போர்வீரர்களும் துறவிகளும் தடியோடு கோவிலுக்குள் புகுந்தார்கள். மூத்த பிஷப் ஒருவரை அடித்தார்கள். அந்த அடியிலேயே அவர் சில நாளில் செத்தார். மற்றவர்களை வெறுந்தாளில் கையெழுத்துப் போட வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் கல்கெதோனில் மறுபடி கூடினார்கள். நடுவில் சுவிசேஷப் புத்தகத்தை வைத்தார்கள். வெறுந்தாளில் போட்டோம், பயந்துவிட்டோம் என்று சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்தேன். "நான் போட்டப்ப அந்தத் தாள்ல எழுத்தே கிடையாது. வேலை போயிடுமோன்னு பயந்து போட்டேன். தப்பு."

"உக்காருடா" என்றார் மூப்பர். அவர் தங்கை மகன் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பெஞ்சின் முனையில் விலா இடித்தது. திருப்பி அடிக்கக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். நடுவழியைக் கடந்து இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். பின்னால் யாரும் வரவில்லை.

பெண்கள் பெஞ்சிலிருந்து உங்கள் அம்மா எழுந்து வந்தாள்.

"பொம்பளைங்களுக்கு இதுல ஓட்டு இல்லம்மா" என்றார் மூப்பர்.

"ஓட்டுப் போட வரல ஊலே. எம்புள்ள எந்தப் பக்கமோ அங்க உக்கார வந்தேன்."

அதற்கப்புறம் வீங்கிய வாயோடு மாமா எழுந்தார். பல் போன சந்தில் காற்றுப் போக, "நானும் வெறுந்தாள்லதான் போட்டேன். வாசிக்கிறப்பதான் எனக்கே தெரியும்" என்றார். நான் அடித்தது அப்படிப்பட்ட ஆளை. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

எல்லாரும் வரவில்லை. மூப்பரோடு ஆறு பேர் இருந்தார்கள். இன்றும் அவர்கள் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு வீட்டில் தனியாகத்தான் கூடுகிறார்கள். கிடங்கு வேலை எனக்குப் போய்விட்டது. உங்கள் அண்ணனின் சிலுவை கல்லறைத் தோட்டத்தில் அங்கேயே நிற்கிறது. வருடாவருடம் அதற்குச் சுண்ணாம்பு அடிக்க மாமா வருவார். வாளியை நான் பிடித்துக்கொள்வேன்.