நாலு லட்சம் கிலோமீட்டர்

ஸெனியா ஹ்னாட்யுக்குக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். பதினாறு வயதிலேயே அப்பாவின் கோதுமை லாரியை வயலிலிருந்து தானியக் கிடங்கு வரை ஓட்டியவள். ஆனாலும் நாற்பத்தொன்பது வயது வரை அவளுக்கென்று ஒரு கார் இருந்ததில்லை. சஸ்காட்செவன் என்ற குளிர் மாகாணத்தில், எங்களுடையது போன்ற சின்ன ஊரில், நாம் போக வேண்டிய இடத்துக்கு யாராவது போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஸெனியாவுக்கு அந்த யாராவது, அக்கா வேராவின் கணவர் ஓரெஸ்ட்.

ஓரெஸ்ட் நல்ல மனிதர். உதவி செய்வார், செய்ததை மறக்கவும் விடமாட்டார். கல்யாண விருந்தில் வாத்தியக்காரர்கள் அப்போதுதான் களைகட்டியிருப்பார்கள், இவருக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கும். "கிளம்பலாமா?" என்பார். ஸெனியா பாதி ஆட்டத்தில் கோட்டைத் தேடிக்கொண்டு புறப்படுவாள். எந்தக் கல்யாணத்தில் கடைசி ஆட்டம் யார் ஆடினார்கள் என்று மறுநாள் மற்றவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். எனக்கு அது பொறுக்காது.

அந்த ஜனவரியில் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் உருளைக்கிழங்கு உரித்தவளுக்கு, முதல்முறையாக நிரந்தர வேலை, தலைமைச் சமையல்காரி என்ற பேர். திங்கட்கிழமை விடியுமுன் அங்கே நிற்க வேண்டும். ஒரு மணி நேர நெடுஞ்சாலை. முதல் மாதத்தில் ஒரு நாள் தாமதமானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. ஓடாத காரை வாங்கினாலும் வேலை இல்லை.

ஊரில் இரண்டு கார் விலைக்கு இருந்தன. ஒன்று, தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற வால்டருடையது. பதினாலு வருஷத்துக் கார், ஓடியதோ பத்தாயிரம் கிலோமீட்டர்தான். ஞாயிறுதோறும் மெழுகு போட்டுத் தேய்ப்பார். இன்னொன்று, ஐந்து ஊர்க் கோயில்களுக்கும் ஒரே சாமியாரான ஃபாதர் மிரோனுடையது. அது நாலு லட்சம் தாண்டிவிட்டது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஓரெஸ்ட், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை போன்ற பெரோஹியை வதக்கிய வெங்காயத்தில் புரட்டிக்கொண்டே. "கிலோமீட்டரைப் பாரு. வேற ஒண்ணையும் பாக்காதே. ஃபாதரோட வண்டி நிலாவுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற வழியில இருக்கு."

"வந்துக்கிட்டு இருக்குல்ல?" என்றாள் ஸெனியா.

"நடுரோட்டுல நின்னா எனக்குத்தான் போன் பண்ணுவே. அப்போ பேசிக்கலாம்."

வேரா, "சாப்பிடும்போது விடுங்களேன்" என்று அவர் தட்டில் இன்னும் நாலு பெரோஹியைத் தள்ளினாள்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஸெனியா காசு கொடுத்து வாங்கப் போகிறவள். வெள்ளிக்கிழமை காலை, மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில், முதலில் வால்டர் வீட்டுக்கு நடந்தாள்.

வால்டர் சாவியைத் தொட்டதும் கார் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. ஸெனியா கையுறையைக் கழற்றி முன்மூடியில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு வயர் தொங்கும். ராத்திரி அதைச் சுவரிலுள்ள மின்சாரப் பிளக்கில் சொருகிவிட்டால் இஞ்சின் விடியும்வரை சூடாக இருக்கும். அப்படிச் சொருகி வைத்த காரைக் காலையில் கிளப்பிக் காட்டுவது, வயிறு நிறைந்த பிள்ளையைக் காட்டி இவன் அழவே மாட்டான் என்பது போலத்தான்.

"இன்னிக்கு ராத்திரி மட்டும் பிளக்கைப் பிடுங்கி வையுங்க வால்டர். நாளைக்குக் காலையில வந்து ஒரு தடவை கிளப்பிப் பாக்கறேன்."

வால்டரின் முகம் சிவந்தது. எங்கள் ஊரில் இதைக் கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் சட்டி கழுவினீர்களா என்று கேட்பதற்குச் சமம். "பதினாலு வருஷத்துல ஒரு ராத்திரிகூட இதை நான் குளிர்ல போட்டதில்ல. உனக்காக இப்போ போடணுமா?"

"போட்டதே இல்லையா?"

"இல்லைன்னுதானே சொல்றேன். காபிக் கடைக்குப் போவேன், வருவேன். மழையில கூட எடுக்கமாட்டேன்."

காபிக் கடை அடுத்த தெருவில் இருந்தது. ஸெனியா இஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தாள். உள்பக்கம் வெளுத்த பசை அப்பியிருந்தது, தண்ணீர் கலந்த வெண்ணெய் மாதிரி. அவளுக்கு உடனே புரிந்தது. இரும்புச் சட்டியை ஈரத்தோடு அடுப்பில் வைத்து, காய்வதற்குள் இறக்கி, தினமும் அப்படியே மூடி வைத்தால் சட்டி என்னவாகும்? இந்த இஞ்சின் பதினாலு வருஷமாக ஒரு தடவைகூட நெடுந்தூரம் ஓடி நன்றாகச் சூடேறி உள்ளே இருந்த ஈரத்தை உதறியதில்லை. வால்டர் அதைக் கொஞ்சிக் கொஞ்சியே கெடுத்திருந்தார். பாவம், அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அழகான கார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அது உண்மையும்கூட.

ஃபாதர் மிரோன் பனியில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களின் பாவங்களைக் கேட்டுக்கொள்கிற பழக்கத்துக்கு எதிராக, அன்றைக்கு அவரே பாவங்களைச் சொல்லத் தொடங்கினார்.

"அந்தப் பக்கக் கதவு வெளியிலேர்ந்துதான் தெறக்கும். கண்ணாடியில கல் பட்டு விரிசல். பின் சீட்டுல சாம்பிராணி வாசனை."

"பூண்டு சாஸேஜ் வாசனைன்னா வருது, ஃபாதர்."

"அதுவும்தான். அஞ்சு ஊர்லயும் குடுக்கறாங்க, வேண்டாம்னு சொல்ல முடியுமா?" அவர் தொண்டையைச் செருமினார். "கடைசியா ஒண்ணு இருக்கும்மா. இதைச் சொல்லாம வித்தா எனக்குத் தூக்கம் வராது."

குனிந்து காரின் மூக்கிலிருந்து தொங்கிய வயரை இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. மறுமுனை அறுந்து, உள்ளே இருந்த செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

"நேத்துதான் பாத்தேன். எலி கடிச்சிருக்கு. குளிர்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அறுந்திருக்கணும். நான் பாட்டுக்கு ராத்திரி ராத்திரி வெறும் வயரைச் சுவத்துல சொருகிட்டுத் தூங்கியிருக்கேன்."

ஸெனியா அவரையே பார்த்தாள். "போன ஞாயித்துக்கிழமை மைனஸ் முப்பத்தஞ்சு. காலைப் பூசைக்கு எங்க கோயிலுக்கு வந்தீங்களே?"

"வந்தேன்."

"சாவியை எத்தனை தடவை திருப்பினீங்க?"

"ஒரு தடவைதான். கொஞ்சம் முனகிச்சு." ஃபாதர் யோசித்தார். "அந்த நேரத்துல நானும்தான் முனகறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சிரித்தாலும் ஏமாறவில்லை. முன்மூடியைத் தொட்டாள், உறைந்த மீன் போல இருந்தது. தானே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முனகியது, இருமியது, கிளம்பியது. நெடுஞ்சாலை வரை ஓட்டினாள். கையை லேசாக விட்டாலும் வண்டி நேராகப் போனது. திரும்பி வந்து எண்ணெய் மூடியைத் திறந்தாள், உள்பக்கம் சுத்தமாக இருந்தது. நாலு லட்சம் கிலோமீட்டரும் நேர்சாலையில், சூடான இஞ்சினோடு ஓடியவை. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அந்த ஜாதி கார் அது. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

ஃபாதர் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை, முதலில் சொன்ன விலையையே கொடுத்தாள்.

புது வயர் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமை விடிகாலை, மைனஸ் முப்பத்துமூன்று. ஸெனியா வெளியே வந்தபோது ஓரெஸ்ட் பைஜாமாவின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன் டிரக்கைப் பக்கத்தில் நிறுத்தி, நின்றுபோன பாட்டரிக்கு உயிர் கொடுக்கும் கேபிளைக் கழுத்தில் மாலையாகப் போட்டு நின்றார்.

"போகாதுன்னு தெரியும். அதான் வந்தேன்."

அவள் உட்கார்ந்தாள். இது கிளம்பாவிட்டால் ஓரெஸ்டின் டிரக்கில் போகலாம்தான். இன்றைக்கும் போகலாம், ஆயுசுக்கும் போகலாம். சாவியைத் திருப்பினாள். ஒரு முனகல். இன்னொரு முனகல். பிறகு கார் உடம்பெல்லாம் குலுங்கிக் கிளம்பியது.

ஓரெஸ்ட் கழுத்திலிருந்த கேபிளைக் கழற்றவில்லை. "சரி, பாத்துப் போ" என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை.

ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. கண்காணிப்பாளர் அம்மாள் சாவிக்கொத்தோடு வந்தார், இவளைக் கண்டு ஆச்சரியப்பட்டார்.

"இந்தக் குளிர்ல இவ்வளவு சீக்கிரமாவா? யாரு கொண்டுவந்து விட்டாங்க? அவங்களையும் உள்ள கூப்பிடு, காபி போடறேன்."

"யாரும் கொண்டுவந்து விடல," என்றாள் ஸெனியா. "நானே வந்தேன்."

அதைச் சொன்னது அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. சற்று நேரம் கழித்து ரொட்டி கொண்டுவந்தவன் எதுவுமே கேட்கவில்லை. அவனிடமும் அதையே சொன்னாள்.